பதில்: டிபென்டன்சிக்குச் சொல் – சார்பொதியா, பற்றுப்பொதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் செயலி இயங்குவதற்கு நாம் சேர்த்துக்கொள்ளும், பிறர் எழுதிய நிரல் பொதியைத்தான் (பேக்கேஜ்) டிபென்டன்சி என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் வந்த 'சார்பொதி' சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் திசை மாறிவிடுகிறது. சார்பெழுத்து என்றால் முதலெழுத்தைச் சார்ந்து வருவது. அந்த வழக்கப்படி பார்த்தால் இன்னொன்றைச் சார்ந்து நிற்பதுதான் சார்பொதி, அதாவது நம் செயலியே. நமக்குப் பெயர் வேண்டியதோ நாம் எதன்மேல் சாய்ந்திருக்கிறோமோ அதற்கு. வெறும் 'சார்பு' என்று விடலாமென்றால், கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனுக்கு அதே சொல். "இந்தச் சார்புக்கு எத்தனை சார்புகள்?" என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

திசையை நான் விடாமல் பிடிக்கக் காரணம், இடர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதியை 2016 மார்ச்சில் அதை எழுதியவர் என்பிஎம் என்ற பொதுப் பொதிக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்டுகளும், அதாவது நிரலிலிருந்து செயலியைக் கட்டும் வேலைகளும், நின்றுபோயின. அவருக்கு நம்மிடம் எந்தக் கடனும் இல்லை, பிடித்துக்கொண்டிருந்தது நாம்.

அதனால்தான் 'பற்றுப்பொதி' என்கிறேன். கொடி பற்றிப் படரும் கொம்பைப் பற்றுக்கோடு என்போம். கணக்கேட்டிலும் பற்று உண்டு, நம் பெயரில் ஏறும் தொகை. இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. சேர்க்கிற அன்று பொதி இலவசம். பதிப்பு மாறும்போது நிரலைத் திருத்துவது, உரிமத்தைப் படிப்பது, செயலியின் அளவு கூடுவது எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும். நாம் சேர்த்த எஸ்டிகே (பிறர் தரும் நிரல் தொகுப்பு) பயனரின் தரவைத் திரட்டினால், செயலிக் கடையில் அதை அறிவிக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.

பற்றுப்பொதி தானாக இழுத்துவரும் பொதிகளுக்கு முதலில் 'தொடர்பற்று' என்று எழுதி வைத்தேன். மறுநாள் படித்தால் 'தொடர்பு அற்று' என்று கண்ணில் பட்டது, நேர் எதிர்ப்பொருள்! அடித்துவிட்டு 'கிளைப்பற்று' என்று மாற்றினேன். எல்லாவற்றையும்விட இந்தச் சொல்தான் நமக்கு அவசரமாகத் தேவை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பொதியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, பல குழுக்கள் ஓட்டையை அடைப்பதற்கு முன் தங்களிடம் அந்தப் பொதி கிளைப்பற்றாக இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. நானும் போன வாரம் தேதியை அழகாகக் காட்ட ஒரு பொதி சேர்த்தேன். நான் எழுதியது ஒரு வரி. எந்தெந்தப் பொதிகள் எந்தப் பதிப்பில் வந்தன என்று குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பில் புதிதாக நாற்பதுக்கு மேல் வரிகள். ஒவ்வொன்றையும் யார் பராமரிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே அந்தப் பொதியை நீக்கிவிட்டு இருபது வரியில் நானே எழுதிக்கொண்டேன். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் குறியாக்கத்துக்கு அப்படிச் செய்ய மாட்டேன். அதைத் தெரிந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

பிறர் பொதியின் மூலநிரலை நம் நிரல் களஞ்சியத்திலேயே நகலெடுத்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'உள்வாங்கல்' என்றால், நிரலுக்குள் பொதியை அழைக்கும் இம்போர்ட்டோடு குழம்பும். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.