சஸ்காச்சுவான் ஏரிகள்: ஒன்று உப்பு, ஒன்று பச்சை, ஒன்று பளிங்கு. ஏன்?

புல்வெளிவாசி கேட்டது:
வணக்கம். கனடாவில் சஸ்காச்சுவான் ஒரே மாகாணம்தான். லிட்டில் மானிட்டூ ஏரியில் உப்பு எவ்வளவென்றால், ஆள் தானாக மிதக்கிறார். குவாப்பெல் பள்ளத்தாக்கின் கட்டெப்வா, எக்கோ ஏரிகள் ஆகஸ்டில் பச்சையாகிவிடுகின்றன. வடக்கே லா ரோஞ்ச் பக்கம் தெளிந்த தண்ணீர். இதற்கு என்ன காரணம்? பிள்ளைகளை எங்கே இறக்கலாம், எங்கே கூடாது? குளிர்காலத்தில் ஐஸ் மேல் மீன்பிடிப்பது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறைமேடு:
அடியில் என்ன இருக்கிறது, தண்ணீர் வெளியேற வழி உண்டா என்ற இரண்டையும் பாருங்கள். தெற்கில் பனியாறுகள் கொட்டிவிட்டுப் போன களிமண்ணும் சரளையும்தான் தரை. அங்கே பெய்யும் மழையைவிட ஆவியாகும் தண்ணீர் அதிகம். போக்கிடம் இல்லாத பள்ளத்தில் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். லிட்டில் மானிட்டூ, குயில் ஏரிகள், சாப்ளின் எல்லாம் இந்த வகை. கடலில் உள்ள சோற்றுப்பு மட்டுமல்ல இது, சோடியம், மெக்னீசியம் சல்பேட்டுகள் நிறைய. சாப்ளினில் சோடியம் சல்பேட் எடுக்கும் ஆலையே உண்டு. லிட்டில் மானிட்டூவில் மீன் பிழைக்காது, உப்புநீர் இறால் பிழைக்கும்.

வடக்கில் கனடியக் கேடயம்: பழைய கருங்கல், மேலே மெல்லிய மண், காடு. பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ் அங்கே குறைவாகவே கரைந்து வரும். பல ஏரிகள் ஆழமும் குளிரும் கூடியவை. ரெயின்டீர் ஏரியின் டீப் பே விண்கல் விழுந்த குழி, ஆழம் 200 மீட்டருக்கு மேல். இன்னொரு அதிசயம் வொல்லாஸ்டன் ஏரி: ஒரு பக்கத்துத் தண்ணீர் ஆர்க்டிக் கடலுக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் ஹட்சன் விரிகுடாவுக்கும் போகிறது.

கரையோரம்:
பச்சை நிறத்துக்கு வருகிறேன். வயல், ஊர்க் கழிவுநீர் வழியாக வந்த பாஸ்பரஸ் பல ஆண்டுகளாக ஏரிச் சேற்றில் படிந்திருக்கிறது. வெயில் ஏறி, காற்று ஓய்ந்தால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீரும். அப்போது சேறு அந்தப் பாஸ்பரஸை மேலே விடும். புதிதாகப் பாஸ்பரஸ் வருவதை நிறுத்தினாலும் ஏரி உடனே தெளியாததற்கு இதுதான் காரணம்.

ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். முடிபோலச் சிக்கித் தொங்கினால் சாதாரண இழைப்பாசி. பெயின்ட் போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், யாரும் இறங்க வேண்டாம். நாயையும் விடாதீர்கள், ரோமத்தை நக்கியே செத்துப்போகலாம். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நச்சு போகாது. காற்று மிதக்கும் பாசிப்படலத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கரையில் குவிக்கும், அதனால் காலையில் சுத்தமாக இருந்த இடம் மாலையில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். பாசியே இல்லாவிட்டாலும் நத்தையும் வாத்தும் உள்ள ஆழமில்லாத கரைகளில் குளித்தால், தண்ணீரிலுள்ள நுண்புழுவால் அரிப்பு வரலாம். ஏறியவுடன் துண்டால் அழுத்தித் துடைப்பது நல்லது. வெயிலில் தானாக உலரவிட்டால், தோல்மேலிருக்கும் புழு உள்ளே துளைக்க நேரம் கொடுப்பதாகும்.

ஐஸ்துளை:
ஐஸ் தடிமன்: நடக்க 10 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு (பனிமேல் ஓடும் வண்டி) 20, காருக்கு 30, கனத்த டிரக்குக்கு இன்னும் கூடுதல். இது தெளிந்த நீல ஐஸுக்கான கணக்கு. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், அதனால் அளவை இரட்டியுங்கள். ஒரு துளையை நம்பாமல் போகப்போகத் துளைத்து அளக்க வேண்டும். ஆறு சேரும் வாய், பாலத்தடி, ஏரி குறுகும் இடுக்கு, ஊற்று ஆகியவற்றில் ஐஸ் எப்போதும் மெலிவு. டீஃபன்பேக்கர் ஏரி அணைநீர் என்பதால் குளிர்காலத்தில் மட்டம் இறங்கும், கரையோர ஐஸ் வெடித்துச் சரியும். உப்பு ஏரி தாமதமாகத்தான் உறையும், அதன் ஐஸும் பலமற்றது.

ஆழமில்லாத புல்வெளி ஏரியில் மீன் திடீரென இல்லாமல் போகும். ஐஸ் மேல் பனி மூடினால் உள்ளே வெளிச்சம் போகாது, செடிகள் ஆக்சிஜன் தராது, மக்கும் தழை இருப்பதையும் தீர்த்துவிடும். வசந்தத்தில் செத்த மீன் கரையொதுங்கும். லேக் டிரவுட் மீன் வேண்டுமென்றால் ஆழமும் குளிரும் உள்ள வடக்கு ஏரிகளுக்குத்தான் போக வேண்டும்.

பாறைமேடு:
படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஏரியை விட்டுக் கிளம்பும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றி, தண்ணீரை முழுதும் வடித்து, செடியைப் பிடுங்கி, படகை நன்றாக உலர்த்துங்கள். சாலையில் போகும்போது அடைப்பு கழன்றிருப்பது சட்டப்படி கட்டாயம். பக்கத்து மானிட்டோபாவில் வின்னிபெக் ஏரிக்கு ஜீப்ரா சிப்பி (வெளியிலிருந்து வந்து பெருகும் சிப்பி) 2013-இல் வந்துவிட்டது, கிளியர் ஏரியில் 2023-இல் கண்டார்கள். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, மிச்சமிருக்கும் தண்ணீரிலேயே பயணம் செய்துவிடும்.