கோத்தகிரி: சுவருக்குள் பதித்த பைப்பில் வயர் 7 மீட்டரோடு நின்றுவிடுகிறது

கோத்தகிரியில் எங்கள் வீடு 2009-இல் கட்டியது. மெயின் போர்டிலிருந்து மாடிக் குளியலறை கீசருக்கு (2000 வாட்) 20 மி.மீ. பிவிசி பைப் சுவருக்குள் போகிறது. நீளம் சுமார் 11 மீட்டர். நவம்பர் மழையில் அந்த லைன் டிரிப் ஆகத் தொடங்கியது. பழைய வயரை உருவினேன், பாதியில் அறுந்துவிட்டது. எஞ்சிய துண்டை மறுமுனை வழியாக எடுத்தேன். புதிதாக மூன்று 2.5 சதுர மி.மீ. வயர்கள் இழுக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங் (வயரை இழுக்கப் பைப்புக்குள் விடும் வளையும் கம்பி) விட்டுப் பார்த்தார். போர்டிலிருந்து விட்டால் 7 மீட்டரில் நிற்கிறது, மேலிருந்து விட்டால் 4 மீட்டரில். இரண்டும் ஒரே இடம்தான். வெளியே எடுத்தபோது அதன் பித்தளை முனையில் சாம்பல் நிறத்தில் ஈரக் குழம்பு ஒட்டியிருந்தது, தொட்டால் நறநறவென்றது. சிமெண்ட் என்றுதான் நினைக்கிறேன். பைப் ஜாயிண்ட் விட்டுப்போய் நீர் கசிகிறதோ என்பது என் பயம்.

நூலில் பாலித்தீன் துண்டைக் கட்டி வாக்குவம் கிளீனரால் இழுத்துப் பார்த்தோம். காற்று போகிறது, நூல் வரவில்லை. டால்கம் பவுடரும் பயன்படவில்லை. வெளிப்புறமாகக் கேசிங் (சுவர்மேல் வயரை மூடிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டி) அடித்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஈரம் உள்ளேயே இருக்கும்போது அதை மூடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மூன்று வாரமாக இந்தக் குளிரில் 74 வயது அம்மாவுக்கு அடுப்பில்தான் வெந்நீர் வைத்து மாடிக்குத் தூக்குகிறோம்.

பைப் எந்த வழியாக வளைந்து போகிறது என்ற வரைபடம் இல்லை. சுவரையும் தளத்தையும் கண்டபடி உடைக்காமல், அந்த அடைப்பு இருக்கும் இடத்தை வெளியிலிருந்து துல்லியமாகக் கண்டுபிடிப்பது எப்படி?