ட்ரோனின் கை மூன்றாம் தரமும் முறிந்துவிட்டது, எப்படி உறுதியாக்குவது?

உருத்திரபுரம் பொடியன்:

அண்ணைமார், அக்காமார், வணக்கம். அக்காவின் மகனுக்கென்று வாங்கிய விளையாட்டு ட்ரோன் ஒன்று இருக்கிறது. பெட்டி முழுக்கச் சீன எழுத்து. நாலு கை, நாலு பிரஷ் மோட்டர், பற்சில்லு வைத்து விசிறி சுற்றுகிற சாதி. 3.7 வோல்ற், 500 மில்லி அம்பியர் மணி பற்றறி. ஏழு நிமிடம் பறக்கும். மருமகனுக்குப் பத்து வயது, இரண்டு கிழமையில் அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

காலபோக வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கிறது, பின்னேரத்தில் நல்ல வெளி. முதல் தரம் வரம்பில் மோதி முன் இடது கை அடியில் வெடித்தது. சுப்பர் குளூ விட்டேன். இரண்டாம் தரம் அதே இடத்தில் விட்டது. யாரோ சொன்னார்கள் என்று குளூவுக்கு மேலே அப்பச் சோடா தூவினேன், கல் மாதிரி இறுகியது. மூன்றாம் தரம் பனையில் போய் ஏறிவிட்டது. கருக்கு மட்டைக்குள் செருகி நின்றதைக் கொக்கத்தடியால் தட்டி விழுத்தினேன். ஒட்டின இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புதிதாக முறிந்திருக்கிறது!

வந்த கோபத்தில் நாலு கைக்கும் குடைக்கம்பி வெட்டி வைத்து, தையல் நூலால் வரிந்து கட்டி, மேலே சுப்பர் குளூ ஊற்றினேன். நூல் புகைந்து விரலில் கொப்புளம். இப்போது கையெல்லாம் அசையாது. ஆனால் ட்ரோன் முழங்கால் உயரம் எழும்பிவிட்டுக் குந்திவிடுகிறது. கமராவைக் கழற்றியும் அதே கதைதான். தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தேன், 124 கிராம். பெட்டியில் போட்டிருப்பது 98. "மூன்று பவுனுக்கு மேலே நகை போட்டிருக்கிறீர்" என்று கடைக்காரர் சிரித்தார்.

இன்னொரு விசயம், சத்தம். கம்பி கட்டின நாளிலிருந்து ஒரு மாதிரி இழுத்து இரைகிறது. அம்மா வளவுக்குள் நிற்கிற நேரத்தில் நான் கிளப்புவதில்லை. கிளப்பினால், "வண்டு வந்திட்டுது, நிப்பாட்டு" என்பார், அவ்வளவுதான். போர்க்காலத்தில் மேலே சுற்றின உளவு விமானத்தை இங்கே வண்டு என்றுதான் சொல்வோம். 2008, 2009 இல் வன்னியில் இருந்த ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சத்தத்தைக் குறைக்கவும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஏ9:

ஒரு கைக்குக் கம்பி கட்டினால் திருத்தம். நாலு கைக்கும் கட்டினால் அதற்குப் பெயர் குடை. இரண்டு பற்றறியைத் தொடுத்துவிடுங்கள், தூக்கும்.

பழைய ரேடியோ:

இரண்டு பற்றறி தொடுத்தால் தூக்கும்தான், ஒரு தரம். 3.7 க்குச் செய்த மோட்டருக்கு 7.4 கொடுத்தால் அன்றைக்கே மோட்டருக்கும் உள்ளே இருக்கிற சேர்க்கிற் போட்டுக்கும் செத்தவீடு. அதை விடும்.

தம்பி, ஒட்டு முறியவில்லை, பக்கத்தில்தான் முறிந்தது என்று நீரே எழுதியிருக்கிறீர். விளையாட்டு அங்கேதான் இருக்கிறது. சுப்பர் குளூவும் அப்பச் சோடாவும் சேர்ந்தால் கல், அது வளையாது. கை முழுக்க வளைந்து வாங்கவேண்டிய அடியை ஒட்டின் விளிம்பு தனியே வாங்கி வெடிக்கிறது. குடைக்கம்பி கட்டினது இன்னும் மோசம். அடுத்த முறை விழும்போது கை தப்பும், நடுக்கூடு பிளக்கும், இல்லாவிட்டால் விசிறி அச்சு வளையும். கை முறிந்தால் ஒட்டலாம். அச்சு வளைந்து, பற்சில்லுப் பல்லும் போனால் என்ன செய்வீர்? முறிகிறதென்றால் மலிவான இடத்தில் முறியட்டும்.

முதலில் கம்பி எல்லாவற்றையும் கழற்றும். நூலைப் பிளேட்டால் வெட்டும்போது மோட்டர் வயரைப் பார்த்துக்கொள்ளும், தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. பிறகு வெடிப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாரும். அந்த நுனியில் தையல் ஊசியைச் சூடாக்கிக் குத்திச் சின்ன ஓட்டை போடும். ஓடிவருகிற வெடிப்பு வட்டமான ஓட்டைக்குள் வந்தால் நின்றுவிடும்.

அடுத்தது ஒட்டு. இந்தக் கூடுகள் அனேகமாக ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக். பற்றறி மூடியின் உட்பக்கத்தில் அசற்றோன் ஒரு துளி வைத்துப் பாரும் (நகப்பூச்சு அழிக்கிற தண்ணி சிலதில் அசற்றோன் இருக்கும், சிலதில் இருக்காது, போத்தலை வாசித்து வாங்கும்). பிசுபிசுத்தால் உமக்கு யோகம். உடைந்த கொம்பியூட்டர் கீபோட்டின் கூடும் பெரும்பாலும் அதே சாதிதான். அதில் ஒரு துண்டைப் பொடியாக வெட்டி, மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் போத்தலில் அசற்றோனோடு ஊறவிடும். விடிய எழும்பிப் பார்த்தால் தேன் பதத்தில் நிற்கும். அதை முறிவில் பூசி, அழுத்திக் கட்டி, ஒரு நாள் தொடாமல் வைத்தால் இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகிவிடும். பசை மாதிரி மேலே ஒட்டி நிற்கிறதில்லை, இரும்பு பற்றவைத்த மாதிரி. ஆனால் குசினிக்குள் வைத்துச் செய்யவேண்டாம், அசற்றோன் பெற்றோல் மாதிரி நெருப்புப் பிடிக்கும். துளி பிசுபிசுக்காவிட்டால் இரண்டு ரியூப்பில் வருகிற எப்பொக்சிதான், அதுவும் மெல்லிசாக.

நூல் புகைந்ததற்குக் காரணம் பருத்தி. சுப்பர் குளூ பருத்தியில் பட்டவுடன் இறுகிச் சூடு கிளப்பும், சில வேளை பற்றியும் எரியும். நைலோன் நூல் எடும்.

இனிச் சத்தம். எடை கூடினால் மோட்டர் மூச்சைப் பிடித்துச் சுற்றவேண்டும், இரைச்சலில் ஒரு பங்கு அதுதான். மற்றது விசிறி. விசிறியைக் கழற்றி மெல்லிய ஊசியில் கோத்துக் கிடையாகப் பிடித்துப் பாரும், ஒரு இதழ் தானாகக் கீழே போகும். பாரம் குறைந்த இதழின் முதுகில் செலோரேப் ஒரு அரிசியளவு ஒட்டும். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை ஒட்டியும் வெட்டியும் பாரும். நாலுக்கும் செய்ய ஒரு மணித்தியாலம் போகும், பொறுமை வேணும். திரும்பப் பூட்டும்போது விசிறியில் இருக்கிற ஏ, பி எழுத்தைப் பார்த்துப் பூட்டும், இரண்டு வலம் சுற்றும், இரண்டு இடம். மாறினால் எழும்பாமல் கவிழும். பற்சில்லுக்குள் வைக்கோல் தும்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாரும், வயலில் விழுந்த சாமான்தானே.

போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக் கட்டுகிற கைப்பழக்கம் எனக்கும் இருக்கிறது. பறக்கிற சாமானில் அந்தப் பழக்கம் மூன்று பவுனாகிவிடும்.

வல்வைப் பட்டம்:

பழைய ரேடியோ அண்ணை சொன்னதோடு ஒரு சின்னச் சண்டை. பற்றவைத்த கைக்கு ஒன்றுமே வைக்காமல் விட்டால் இரண்டாம் விழுகையில் திரும்பவும் போகும் தம்பி. எங்கள் அப்பா வல்வெட்டித்துறையில் பட்டம் கட்டுவார். நான் கலியாணம் முடித்து முள்ளியவளைக்கு வந்தபிறகும் தைப்பொங்கல் பட்டப் போட்டிக்கு அங்கே போய்விடுவோம். எனவே எனக்குத் தெரிந்தது மூங்கில்.

முற்றின மூங்கிலில் வெளித்தோல் பக்கத்தை மட்டும் எடுங்கள். பலம் எல்லாம் தோலோடு ஒட்டின நாரில்தான், உள்சதை வெறும் எடை. நெருப்புக் குச்சியில் பாதித் தடிப்புக்குச் சீவுங்கள். கணு வரக்கூடாது. ஈர்க்கில் செய்யலாமா என்று கேட்பீர்கள், பச்சையில் நன்றாக வளையும், காய்ந்தபிறகு நம்பமுடியாது. சீவின குச்சியை நடுவில் விரலில் வைத்துத் தூக்கினால் இரண்டு தலையும் ஒரேயளவு தாழவேண்டும். ஒன்று கூடத் தாழ்ந்தால் மற்றப் பக்கத்தை இன்னும் சீவுங்கள். முறிந்த கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பக்கவாட்டில் வைத்து வேலையில்லை, விசிறி தூக்கினாலும் நிலம் இடித்தாலும் கை வளைவது மேல் கீழாகத்தான். வீட்டுக்குத் தீராந்தியைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைப்பதும் அதற்குத்தானே. நூலைத் தலையிலிருந்து கால்வரை வரியவேண்டாம், இரண்டு இடத்தில் ஆறு ஆறு சுற்றுப் போதும்.

உங்கள் அம்மாவின் பேச்சு எனக்கு விளங்குகிறது. காற்றில் இரைகிற விண் பூட்டின பட்டத்தை என் மாமி இன்றைக்கும் இரவில் ஏற்றவிடமாட்டார்.

பழைய ரேடியோ:

தங்கச்சி சொன்னது சரி. முறிந்த கைக்கு மட்டும் மூங்கில், மற்ற மூன்றையும் தொடவேண்டாம். பின் வலது கைக்கும் ஒரு பொட்டு எடை வந்தால்தான் சமநிலை என்று யோசித்து எதையாவது ஒட்டிவிடாதேயும். பற்றறியை அந்தப் பக்கம் ஒரு நூலளவு தள்ளி வைத்தால் முடிந்தது.

கட்டுக்கரை:

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். என்ன செய்தாலும் வைகாசிக்கு முதல் செய்து முடியுங்கள். சோளகக் காற்றுத் தொடங்கினால் நூறு கிராம் சாமானை வெளியில் விடுவது பட்டத்தை நூல் இல்லாமல் விடுகிற மாதிரி. விசிறியைச் சுற்றி வளையம் பூட்டினால் பாதுகாப்பு என்று நானும் பூட்டினேன். வீட்டுக்குள்ளே அருமை. வெளியில் காற்றுக்கு அதுவே பாய், அள்ளிக்கொண்டு போய் வேலியில் சாத்தியது.

எடை விசயத்தில் இன்னொன்று. 200 கிராமுக்கு மேலே போனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிய வேண்டும். உங்களுடையது அதற்குள்தான் நிற்கிறது, ஆனால் பெரிய பற்றறி, கமரா என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கணக்குப் பாருங்கள். 200 க்குக் கீழே என்றாலும் இராணுவ முகாம் வேலிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு எடை பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள், தடை எப்போது வரும் போகும் என்று விசாரித்துக்கொண்டு பறக்கவிடுங்கள். அதோடு, பளை, முகமாலைப் பக்கத்து ஆட்களும் இதை வாசிப்பார்கள். மிதிவெடிப் பலகை நட்ட காணிக்குள் விழுந்தால் அது போனது போனதுதான். ஒரு காலையும் உள்ளே வைக்கவேண்டாம்.

உருத்திரபுரம் பொடியன்:

பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன். கம்பிகளைக் கழற்ற ஒரு முழுப் பின்னேரம் போனது, குளூ குடித்த நூல் எலும்பு மாதிரி. ஒரு வயரை அறுத்தும் விட்டேன். சந்தியில் போன் திருத்துகிற கடையில் ஈயம் வைத்து ஒட்டித் தந்தார்கள், காசு வாங்கவில்லை.

அசற்றோன் துளி பிசுபிசுத்தது. பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கீபோட் ஒன்று கிடைத்தது, அதன் மூலையை நகவெட்டியால் நறுக்கி ஊறவிட்டேன். விடியப் பார்த்தால் கறுப்புத் தேன். வெள்ளை ட்ரோனில் கறுப்புத் தழும்பு, பார்க்க வடிவில்லை, ஆனால் நகத்தால் கிளறியும் எழும்பவில்லை. மூங்கில் அக்கா சொன்னபடி. முதல் நாலு குச்சியும் தடிப்பு, ஐந்தாவதுதான் விரலில் சரியாகத் தாழ்ந்தது.

திரும்பவும் நகைக்கடை. 101 கிராம். ஆறு நிமிடத்துக்குக் கிட்டப் பறக்கிறது. வேண்டுமென்றே இல்லை, பற்றறி முடிந்ததைக் கவனிக்காமல் கூரை உயரத்திலிருந்து வரம்பில் போட்டுவிட்டேன். கை வளைந்து மீண்டது, கால் ஒன்று மட்டும் கழன்று விழுந்தது. அதைத் திருப்பிச் செருகினால் சரி. இப்போது அடிக்கட்டைக்குள் இறக்காமல் உரச் சாக்கை விரித்து அதில் இறக்குகிறேன், தும்பு சுற்றுவது நின்றுவிட்டது.

விசிறி நாலுக்கும் செலோரேப் ஒட்டினேன். இரண்டில் தேவையே இருக்கவில்லை, ஒன்று மட்டும் நன்றாகச் சாய்ந்தது. அந்த இழுவை இரைச்சல் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "இப்ப வண்டு இல்லை, நுளம்பு" என்றார். பிறகு, "எண்டாலும் வளவுக்குள்ள வேண்டாம், வயலுக்குக் கொண்டுபோ" என்றார்.

பழைய ரேடியோ:

பிரஷ் மோட்டரை நுளம்புக்குக் கீழே இறக்கமுடியாது தம்பி, வயலுக்கே கொண்டுபோம். ஈயம் வைத்த வயருக்கு மேலே சூட்டுப் பசை விட்டிருந்தால் சொல்லும். மத்தியான வெயிலோடு மோட்டர்ச் சூடும் சேர்ந்தால் அது இளகும்.