தீருவின் மீது விழுந்த தீர்ப்பு: எசேக்கியேல் சொன்னது நடந்ததா?

யோர்தான்கரை எழுதியது:
பெருமை தலைக்கேறிய நாடுகளுக்கு என்ன கதி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது தீரு பட்டணத்தை. கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தபோது, போட்டி ஒழிந்தது, இனி வியாபாரமெல்லாம் நமக்கே என்று அந்தத் துறைமுக நகரம் மகிழ்ந்தது. பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம், 26ஆம் அதிகாரத்தில் அதற்குப் பதில் வருகிறது: மதில்கள் இடியும், கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரில் போடப்படும், மீன்வலை விரிக்கும் வெறும் பாறையாக அது நிற்கும். கி.மு. 332இல் அலெக்சாந்தர் கரையிலிருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளை அள்ளிக் கடலில் கொட்டி, தீவு நகரம் வரை பாதை போட்டார். ஏழு மாத முற்றுகையில் நகரம் விழுந்தது. இதைவிடத் துல்லியமாக ஒருவர் முன்னுரைக்க முடியுமா?

கரிசல் எழுதியது:
துல்லியம் என்கிறீர்கள், மூன்று அதிகாரம் தள்ளிப் படிக்க மாட்டேன் என்கிறீர்களே, நண்பரே. 26:7இல் (26ஆம் அதிகாரம், 7ஆம் வசனம்) ஆள் பெயரே இருக்கிறது: பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார். அவனுடைய குதிரைகள் வீதிகளை மிதிக்கும், செல்வம் கொள்ளைபோகும் என்று தொடர்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் தரும் கணக்கில் முற்றுகை 13 ஆண்டுகள் நீண்டது. முடிவை எசேக்கியேலே 29ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். சுமை தூக்கித் தூக்கிப் படைவீரர்களின் தலை மொட்டையாகி, தோள்பட்டை தோலுரிந்துவிட்டது. ஆனாலும் தீருவிலிருந்து அவனுக்கோ படைக்கோ கூலி கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக எகிப்து தரப்படும். கொள்ளை கிடைத்திருந்தால் கூலிப் பாக்கி எப்படி வந்தது?

மறுபடி கட்டப்படமாட்டாய் என்றும் 26:14 சொல்கிறது. நூற்றாண்டுகள் கழித்து அப்போஸ்தலர் பவுல் கப்பலில் வந்து இறங்கி, தீருவின் சீடர்களோடு ஏழு நாள் தங்கினார் (அப்போஸ்தலர் 21). இன்றும் லெபனானில் சூர் என்ற பெயரில் மக்கள் வாழும் ஊர் அது. ரோமானியர் காலத் தேரோட்டக் களம் அங்கே இருக்கிறது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

யோர்தான்கரை எழுதியது:
சகோதரரே, 26:3ஐ விட்டுவிட்டீர்கள். கடல் அலைகளைப் போல அநேக ஜாதிகள், அதாவது நாடுகள், வரும் என்றுதான் தொடக்கமே. நேபுகாத்நேச்சார் முதல் அலை, அலெக்சாந்தர் அடுத்த அலை. மேலும் எரேமியா 18இன்படி ஒரு நாடு மனந்திரும்பினால் தீர்ப்பு மாறும். அசீரியாவின் தலைநகரான நினிவே அப்படித்தான் தப்பியது.

கரிசல் எழுதியது:
நினிவேயின் ராஜா இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான் என்று யோனாவின் புத்தகம் சொல்கிறது. எசேக்கியேலில் தீருவின் ராஜா எங்கே சாம்பலில் உட்கார்ந்தான்? அலை வாதத்துக்குக் காலவரம்பே இல்லை. 250 ஆண்டு கழித்து யார் படையெடுத்தாலும் தீர்க்கதரிசியின் மீசையில் மண் ஒட்டாது!

கொண்டல் எழுதியது:
இருவரும் இதை ரயில்வே கால அட்டவணையைப் போலப் படிக்கிறீர்கள். இது கவிதை. 27ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் தெரியும். தீருவையே ஒரு கப்பலாகக் கட்டுகிறார் எசேக்கியேல்: பாய்மரத்துக்கு லீபனோன் கேதுரு, துடுப்புக்குப் பாசானின் கர்வாலி மரம், பாய்க்கு எகிப்தின் மெல்லிய துணி, துடுப்புப் போடச் சீதோன், அர்வாத் ஆட்கள். பிறகு சரக்குப் பட்டியல்: தர்ஷீசின் வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், யூதாவும் இஸ்ரவேலும் அனுப்பிய கோதுமை, தேன், எண்ணெய். எதிரி நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதியை இவ்வளவு நுணுக்கமாக, கொஞ்சம் ரசித்தே எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். அத்தனையையும் ஏற்றிய பிறகு, ஒரே கீழ்க்காற்றில் நடுக்கடலில் உடைத்துவிடுகிறார்.

அடியோடு அழிந்தது, இனி இல்லை என்பதெல்லாம் அந்தப் பிரதேசத்தின் அரசியல் மொழி. கி.மு. 1208 வாக்கில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா, இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று கல்லில் வெட்டி வைத்தான். இஸ்ரவேல் இருந்துகொண்டுதான் இருந்தது.

கரிசல் எழுதியது:
அப்படியானால் தீர்க்கதரிசிக்கும் அந்த மன்னனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே வாய்ச்சவடாலா?

கொண்டல் எழுதியது:
மன்னன் தன் வெற்றியைப் பாடினான். எசேக்கியேல் கி.மு. 597இல் நாடு கடத்தப்பட்டு, பாபிலோன் நாட்டில் கேபார் ஆற்றங்கரையில் அகதியாக இருந்தவர். தன் சொந்த நகரமும் ஆலயமும் அழியும் என்று அதற்கு முன்பே இருபது அதிகாரத்துக்கு மேல் சொல்லிவிட்டுத்தான் தீருவுக்கு வருகிறார்.

யோர்தான்கரை எழுதியது:
கவிதை என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. நான் அதை நடக்கப்போவதாகவே வாசிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 26க்குக் குறித்திருக்கும் தேதிக்கும் கூலி பற்றிய பகுதியின் தேதிக்கும் ஏறக்குறைய 15 ஆண்டு இடைவெளி. பிந்தையது கி.மு. 571. முந்தையதைத் திருத்தவோ மறைக்கவோ யாரும் முயலவில்லை. ஏமாற்றுகிறவன் பழைய ஏட்டைக் கிழித்துப் போட்டிருப்பான்.

கரிசல் எழுதியது:
நேர்மையை மதிக்கிறேன். நேர்மையாகப் பதிவு செய்ததால் நடக்காதது நடந்ததாகிவிடாது. ஈடாகத் தரப்பட்ட எகிப்துக்கு வாருங்கள். 40 ஆண்டு மனித நடமாட்டமே இல்லாமல் பாழாய்க் கிடக்கும் என்கிறது 29:11. நேபுகாத்நேச்சார் எகிப்தின் மேல் படையெடுத்ததற்குச் சிதைந்த பாபிலோனியப் பலகை ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் அமாசிஸ் மன்னன் கி.மு. 570 முதல் 526 வரை ஆண்டான். எகிப்தின் செழிப்பான ஆட்சிகளில் அதுவும் ஒன்று.

கொண்டல் எழுதியது:
நிறைவேறியதா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டோம். குற்றம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 28இல் தீருவின் அதிபதி, நான் தேவன், கடல் நடுவே தேவாசனத்தில் வீற்றிருக்கிறேன் என்கிறான். அதே அதிகாரத்தில் அநீதியான வியாபாரமும் வருகிறது. 27இன் சரக்குப் பட்டியலில் மனிதர்களும் இருக்கிறார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே ஆமோஸ் தீர்க்கதரிசி, சிறைப்பட்டவர்களை ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்ததற்காகத் தீருவைச் சாடினார். இஸ்ரவேலின் ராஜா சாலொமோனுக்குக் கேதுரு மரம் அனுப்பிய ஈராம் மன்னனின் நகரம் அது என்பதால், சகோதர உடன்படிக்கையை மறந்தாய் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆக, இந்தப் பெருமைக்குப் பின்னால் ஆள் விற்ற காசு இருக்கிறது.

கரிசல் எழுதியது:
கண்டனத்தில் எனக்குச் சண்டையே இல்லை. தண்டனையில்தான். அலெக்சாந்தர் நகரைப் பிடித்தபின் சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். ஆள் விற்ற நகரத்துக்கு ஆளை விற்பதா தீர்ப்பு? தேவாசனத்தில் உட்கார்ந்தவன் ராஜா. விற்கப்பட்டவர்கள் பாய் தைத்தவர்களும் சாயம் காய்ச்சியவர்களும்.

யோர்தான்கரை எழுதியது:
அதற்கு ஏசாயா 10இல் பதில் இருக்கிறது. அசீரியா கடவுளின் கோபத்தின் கோல். ஆனால் வெட்டுகிறவனுக்கு மேலாகக் கோடரி மேன்மை பாராட்டினால் அதுவும் தண்டிக்கப்படும். கி.மு. 612இல் நினிவே விழுந்தது. கருவியாக வந்தவன் நல்லவன் என்று தீர்க்கதரிசிகள் எங்கும் சொல்லவில்லை.

கரிசல் எழுதியது:
கோடரிக்குத் தண்டனை கிடைத்தது, சரி. சந்தையில் நின்ற அந்த 30,000 பேருக்கு என்ன கிடைத்தது, சகோதரரே?