கழிப்பறையைக் கழுவிய பின் நாற்றம், செப்டிக் டேங்க் உள்ள வீடு: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நேற்று குளியலறையையும் கழிப்பறையையும் நன்றாகக் கழுவினேன். இன்று காலை முதல் அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் போகுமா? நாளை விருந்தினர் வருவதால் விரைவில் பதில் தேவை.

நிழல்மரம்:
தயவுசெய்து இப்போது எதையும் ஊற்றாதீர்கள். நேற்று எதை எவ்வளவு ஊற்றினீர்கள், நாற்றம் எந்த இடத்திலிருந்து வருகிறது, தொட்டியைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள்.

குழாய்க்காரர்:
காற்றுக்குழாய்தான் அடைத்திருக்கும். தொட்டியில் உருவாகும் வாயு மேலே போக வழியில்லாவிட்டால் வீட்டுக்குள்தான் வரும்.

மண்புழு:
இங்கே நான் பலமுறை விளக்கியும் யாரும் படிப்பதில்லை என்பது வருத்தமளிக்கிறது. தொட்டிக்குள் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களே கழிவைச் செரிக்கின்றன. மூடியளவு பிளீச்சிங் திரவம் தொட்டி நீரில் கலந்து வலுவிழந்துவிடும். ஆனால் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் அந்தப் பாக்டீரியாக்கள் அழிந்து, செரிக்காத திடக்கழிவு, தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி வரை போய் மண்ணை அடைத்துவிடும். அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கேட்டவர்:
ஆசிட் அரை பாட்டில். கறை போகாததால் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவினேன். கண் எரிந்து இருமல் வந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

நிழல்மரம்:
நாற்றத்தைவிட இதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். கதவு மூடிய சிறு அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும். இருமலோ மூச்சுத்திணறலோ இன்னும் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரே பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். உப்புக்கறைக்குச் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டுத் தேய்த்தாலே போதும். பாக்டீரியாக்களுக்கும் பெரிய தீங்கில்லை.

உப்புக்கல்:
ஈஸ்ட் வாங்கிப் போடுங்கள், பாக்டீரியா திரும்ப வந்துவிடும்.

மண்புழு:
ஈஸ்ட் பூஞ்சை வகை, பாக்டீரியா அல்ல. தேவையான பாக்டீரியாக்கள் மனிதக் கழிவிலேயே நாள்தோறும் வந்து சேர்கின்றன.

உப்புக்கல்:
நான் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன், எங்கள் தொட்டியில் ஒரு சிக்கலும் இல்லை.

மண்புழு:
போடாதவர்களின் தொட்டிகளும் நன்றாகத்தான் இயங்குகின்றன. அடியில் சேரும் சகதியை ஈஸ்ட் அகற்றாது. 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கத்தான் வேண்டும்.

நிழல்மரம்:
கேட்டவரே, தரை வடிகாலின் சல்லடையை நேற்று கழற்றினீர்களா? அதன் கீழுள்ள கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர்தான் தொட்டி வாயுவைத் தடுக்கிறது.

கேட்டவர்:
ஆம், முடியை எடுக்கக் கழற்றிய கிண்ணம் வாளிக்குள்ளேயே கிடந்தது. பொருத்தித் தண்ணீர் ஊற்றினேன், ஒரு மணி நேரத்தில் நாற்றம் நின்றது. இருமலும் இல்லை. நன்றி.

குழாய்க்காரர்:
இருந்தாலும் காற்றுக்குழாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிழல்மரம்:
தொட்டியைக் கடைசியாகக் காலி செய்தது எப்போது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. பார்ப்பதற்காக மூடியைத் திறந்து நீங்களே குனியவோ இறங்கவோ வேண்டாம். உள்ளிருக்கும் வாயு நொடிகளில் மயக்கமடையச் செய்துவிடும். இயந்திரம் கொண்டு உறிஞ்சுபவர்களை அழையுங்கள்.