ரெய்டு 5 சேமிப்பகத்தை மாற்றுகிறோம்: பழைய டேப், டெண்டர் வாசகம் பற்றி உதவி தேவை

வணக்கம். மாவட்ட அரசு அலுவலகம் ஒன்றின் சேமிப்பகத்தை மாற்றும் வேலை. இப்போது இருப்பது 4 டிபி (டெராபைட்) டிஸ்க் 8, ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை; ஒன்று போனாலும் தரவு தப்பும்). கிடைக்கும் 28 டிபியும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. எல்லாம் ஸ்கேன் செய்த ஆவணங்கள், லட்சக்கணக்கில் சின்னச் சின்ன டிஃப் படக் கோப்புகள்.

ஒரு டிஸ்க் போனால் மீதி ஏழையும் முழுசாகப் படித்துத்தான் மீட்க வேண்டும். நடுவில் இன்னொன்று மண்டையைப் போட்டால் அவ்வளவுதான். அதனால் புதியது 16 டிபி டிஸ்க் 8, ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்). கையில் 96 டிபி நிற்கும். விவரக்குறிப்பில் 'சிஎம்ஆர் மட்டும்' (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் டிஸ்க்) என்று போட்டாயிற்று. தடங்கள் படிந்து எழுதப்படும் எஸ்எம்ஆர் டிஸ்க் உள்ளே வந்தால் ரீபில்டு (போன டிஸ்க்கின் தரவை மீட்டு எழுதுவது) நாள்கணக்கில் இழுக்கும்.

சிக்கல் டேப்பில். பழைய பேக்கப் முழுக்க எல்டிஓ-6 (எல்டிஓ என்ற காந்த நாடா வகையின் ஆறாம் தலைமுறை). வெண்டர் எல்டிஓ-8 டிரைவ் கொடுத்திருக்கிறார். அது எல்டிஓ-7 வரைதான் படிக்கும், 6-ஐத் தொடாது. விலைப்பட்டியலில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்!

பழைய எல்டிஓ-6 டிரைவைப் புது சர்வரில் எஸ்ஏஎஸ் கார்டு (டிரைவை சர்வரோடு இணைக்கும் அட்டை) வழியாக மாட்டி, டேப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி எழுதியவர்கள் உண்டா? எந்தக் கார்டு ஒத்துழைத்தது?

கோப்புகளைப் புதிய சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் சின்னக் கோப்புகளில் தவழ்கிறது. முதல் சுற்று டார் குழாய் வழியாக (கோப்புகளை ஒரே ஓட்டமாகச் சேர்த்து அனுப்புவது), பிறகு ஆர்சிங்க், கடைசியில் ஷா-256 சரிபார்ப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை ஒப்பிடுவது) என்று யோசனை. வேறு நல்ல வழி இருக்கிறதா?

பழுதான டிஸ்க்கை வெண்டர் திரும்ப எடுத்துப்போகக் கூடாது என்ற நிபந்தனையை டெண்டரில் சேர்த்தவர்கள் அந்த வாசகத்தை இங்கே போட முடியுமா?