‘திருப்பாப்புலியூர் வீடு’ குழு: முன்ரூம் விவகாரம்

சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். டெய்லர் காலி செய்த முன்ரூமுக்கு ஆள் வந்திருக்கிறது. மாவுக் கடை. இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பார்களாம். மாசம் எட்டாயிரம்.

சுமதி அக்கா: எட்டாயிரமா!!

அத்தை: டெய்லர் மூவாயிரம்தானே கொடுத்தார். அதுவும் பாதி மாசம் பாக்கி

நான்: சித்தப்பா, அந்த ரூமுக்கு நேர் மேலேதான் குழந்தை தூங்குகிறது. எத்தனை மணிக்கு அரைப்பார்கள்?

சித்தப்பா: விடியற்காலை நாலு மணிக்கு. ஒரு மணி நேரம்தான்

நான்: நாலு மணிக்கா?

பெரியப்பா: அவசரப்பட வேண்டாம். நான் நகராட்சியில் பிளான் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடையா வீடா என்று கேட்பதே தப்பு. என்ன சத்தம், எத்தனை மணிக்கு, வாசலில் எத்தனை வண்டி நிற்கும், இதைத்தான் கேட்க வேண்டும். ஜப்பானில்

சுமதி அக்கா: டோக்கியோ புராணம் ஆரம்பம்

பெரியப்பா: கிண்டல் செய்தாலும் சொல்வேன். கவிதா வீட்டில் மூன்று மாதம் சும்மா இருக்கவில்லை. அங்கே ஊர் நிலத்தை 13 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஆக அமைதியான குடியிருப்பு வகையில்கூட வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு இடம் உண்டு. கடை 50 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், நம் கணக்கில் சுமார் 540 சதுர அடி. கட்டடத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். டெய்லர், முடிவெட்டுகிறவர் எல்லாம் சரி. தோஃபு கடைகூட வைக்கலாம், ஆனால் மோட்டார் மொத்தம் 0.75 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஒரு ஹெச்.பி.தான்! சட்டத்திலேயே மோட்டார் அளவு எழுதியிருக்கிறான்.

அத்தை: தோஃபு என்றால் என்ன அண்ணா

சுமதி அக்கா: சோயா பன்னீர் அத்தை

அத்தை: அதெல்லாம் எதற்கு. இங்கே பண்ருட்டியில் பலா வந்துவிட்டது. யாருக்கு எத்தனை என்று சொல்லுங்கள்

சுமதி அக்கா: எனக்குச் சுளையாக எடுத்து அனுப்புங்கள்

அத்தை: சென்னை போவதற்குள் நாறிவிடும். திதிக்கு வரும்போது முழுப் பழமாக வாங்கிப் போ

சித்தப்பா: மாவுக்காரரிடம் கேட்டேன். இரண்டு கிரைண்டர். ஒன்று இரண்டு ஹெச்.பி.யாம், இன்னொன்று ஒன்று

பெரியப்பா: ஆக மூன்று. டோக்கியோவில் நடக்காது

சித்தப்பா: இது திருப்பாப்புலியூர் அண்ணா

நான்: நேற்று ஒரு கிரைண்டரைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார்கள். மாடி அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. தொட்டில் கம்பி கிர்ரென்று அதிர்ந்தது.

அத்தை: கொண்டுவந்து ஓட்டினார்களா? செல்வம், முடிவே ஆகவில்லையே?

சித்தப்பா: டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் மட்டும்

அத்தை: யாரைக் கேட்டு வாங்கினாய்? மாமரத்தை வெட்டியபோதும் இப்படித்தான். மரம் கீழே விழுந்த பிறகு ஃபோன்

சுமதி அக்கா: அத்தை, மாமரம் வேண்டாம்

அத்தை: ருமானி. ஒரு காய்கூட எனக்கு வரவில்லை

பெரியப்பா: விஷயத்துக்கு வருவோம். நம் தெருவில் எப்போதும் கடையும் வீடும் கலந்துதான் இருந்தன. அப்பா காலத்தில் எதிர்வீட்டுத் திண்ணையில் தட்டான் உட்கார்ந்திருப்பார். விளக்கு வைத்தால் சுத்தியல் நின்றுவிடும். யாரும் போர்டு மாட்டவில்லை. எல்லாக் கடையையும் விரட்டுவதும் வழியில்லை. டெல்லியில் 2006ல் கோர்ட் உத்தரவின்பேரில் குடியிருப்புத் தெருக் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். பெரிய கலவரம். அடுத்த வருஷமே மாஸ்டர் பிளானை மாற்றி, குறிப்பிட்ட தெருக்களில் கடை வைக்கலாம் என்று எழுதினார்கள்.

சுமதி அக்கா: டல்லாஸில் இருந்தபோது ஒரு கட்டு கொத்தமல்லிக்குக் கார் எடுத்தோம் பெரியப்பா. அந்தப் பக்கம் வீடு என்றால் வீடு மட்டும்தான்

அத்தை: அதற்காக? நம் கடலூர் ஓ.டி., அந்த ஓல்டு டவுன் தாண்டி கெமிக்கல் கம்பெனியும் வீடும் ஒரே வேலியில். என் நாத்தனார் ராத்திரி ஜன்னல் திறப்பதில்லை. அதுவும் கலப்புதானே

பெரியப்பா: அதைக் கலப்பு என்று நான் சொல்ல மாட்டேன். திண்ணைத் தட்டானும் கெமிக்கல் கம்பெனியும் ஒன்றா

நான்: அப்போது இரண்டு ஹெச்.பி. கிரைண்டர் எதில் சேர்த்தி?

பெரியப்பா: அதைத்தான் யோசிக்கிறேன்

சித்தப்பா: கரன்டுக்கு வீட்டு லைனிலிருந்தே ஒயர் இழுத்துவிடலாம். டெய்லருக்கு அப்படித்தான் கொடுத்தோம்

பெரியப்பா: கூடவே கூடாது. கடைக்குத் தனி இணைப்பு, கமர்ஷியல் டாரிஃப். அந்த 100 யூனிட் இலவசம் வீட்டுக்குத்தான். பிடித்தால் அபராதம் உன் தலையில்

சித்தப்பா: என் தலையில் ஏன், வீடு எல்லோருக்கும்தானே

அத்தை: அட்வான்ஸ் வாங்கும்போது அது ஞாபகம் வரவில்லையா

நான்: ஒன்று சொல்கிறேன். விற்பது மட்டும் இங்கே, அரைப்பது வேறு இடத்தில். கேட்டுப் பாருங்கள்

சித்தப்பா: அப்படியானால் ஐந்துக்கு மேல் தர மாட்டார்

சுமதி அக்கா: ஐந்து போதும்

அத்தை: ஆறு கேள்

பெரியப்பா: வாய்ஸ் மெசேஜ் (7:42)

சுமதி அக்கா: பெரியப்பா ப்ளீஸ், எழுதுங்கள்

சித்தப்பா: ஃபோன் செய்தேன். திதி முடியட்டும், பேசலாம் என்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சின்ன கிரைண்டரை முன்ரூமிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்

அத்தை: இருக்கட்டும். திதி வடைக்கு உளுந்து அரைத்துக்கொள்ளலாம்

நான்: ஏழு மணிக்கு மேல் அத்தை